பழைய அமெரிக்க கார்களின் லிமிடெட் ஸ்லிப்: பேட்ஜை நம்பாதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள்

1956-ல் பேக்கார்ட் நிறுவனம் 'ட்வின் ட்ராக்‌ஷன்' என்ற பெயரில் ஒரு பின் ஆக்சிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைக் கார்களில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் முதலில் வந்தது அதில்தான். (டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுப்பு; ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குப் பலம் போகச் செய்வது லிமிடெட் ஸ்லிப்.) அடுத்த ஆண்டே செவ்ரோலே 'பாசிட்ராக்‌ஷன்' என்றது. பிறகு வரிசையாக வந்தன: பான்டியாக்கில் 'சேஃப்-டி-ட்ராக்', ஓல்ட்ஸ்மொபைலில் 'ஆன்டி-ஸ்பின்', பியூக்கில் 'பாசிட்டிவ் ட்ராக்‌ஷன்', கிறைஸ்லரில் 'ஷூர்-கிரிப்', ஃபோர்டில் 'ஈக்வா-லாக்', பின்பு 'ட்ராக்‌ஷன்-லாக்', அமெரிக்கன் மோட்டார்ஸில் 'ட்வின்-கிரிப்'.

இவை எல்லாமே விற்பனைப் பிரிவு வைத்த பெயர்கள். ஆக்சிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. ஷூர்-கிரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறைஸ்லரின் 8¾ அங்குல ஆக்சிலில் 1968 வரை அந்தப் பெயரில் வந்தது டானா நிறுவனத்தின் பவர்-லாக். கிளட்ச் தகடுகளால் ஆனது, பிரித்துப் புதுப்பிக்கலாம். 1969 முதல் அதே பெயரில் வந்தது போர்க்-வார்னரின் கோன் வகை. தொழிற்சாலைக் கணக்கில் அதற்கு ரிப்பேரே கிடையாது. பேட்ஜ் ஒன்றுதான், ஆனால் தேய்ந்துபோனால் ஆகும் செலவு அடியோடு வேறு. எந்த எண்ணெய் ஊற்றுவது, எதைப் பிரிக்கலாம், பழைய பொருளாக வாங்கினால் எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் உள்ளே இருக்கும் பொறியமைப்புதான் பதில்.

எதற்காக வந்தது

சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது 'ஓப்பன்' வகை, இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சம அளவு டார்க்கைத்தான் (முறுக்கு விசையைத்தான்) தரும். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்ற அனுமதிப்பது அதன் நல்ல குணம். கெட்ட குணமும் அதே சமத்துவத்திலிருந்துதான் வருகிறது. ஒரு சக்கரம் ஐஸ் மேல் நிற்கிறது, 70 நியூட்டன் மீட்டருக்கு மேல் அதனால் பிடித்துக்கொள்ள முடியாது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் 70 மட்டுமே கிடைக்கும். மொத்தம் 140. எஞ்சினில் எவ்வளவு பலம் இருந்தாலும் மிச்சமெல்லாம் ஐஸ் மேல் நிற்கும் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவதில் போய்விடும்.

லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டு ஆக்சில்களுக்கும் கேஸுக்கும் (டிஃபரன்ஷியல் கியர்களைத் தாங்கிச் சுழலும் கூட்டுக்கும்) நடுவே உராய்வு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்த உராய்வு 250 நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தைத் தாங்கும் என்றால், வழுக்கும் சக்கரத்துக்கு 70, பிடிப்புள்ள சக்கரத்துக்கு 320. கார் நகர்ந்துவிடும்.

ஐஸும் சேறும் இல்லாத காய்ந்த சாலையிலும் அமெரிக்க கார்களுக்கு இது தேவைப்பட்டதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்புறம் ஒரே கட்டையாக இருக்கும் லைவ் ஆக்சில். புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின்னால் வரும் தண்டு) சுழலும்போது பினியனை (அது சுழற்றும் சிறிய கியரை) மட்டும் திருப்புவதில்லை; ஆக்சில் ஹவுசிங் முழுவதையும் தன் திசையில் முறுக்கப் பார்க்கும். பின்னாலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. விளைவு: வலது பின்சக்கரம் தரையிலிருந்து தூக்கப்படுகிறது, இடது சக்கரம் அழுத்தப்படுகிறது. 540 நியூட்டன் மீட்டர் டார்க், முதல் கியர் 2.52 என்றால் ஷாஃப்டில் சுமார் 1,360 நியூட்டன் மீட்டர். சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலம் என்று வைத்தால், வலது சக்கரத்திலிருந்து இடதுக்கு 90 கிலோவுக்குச் சற்று மேல் எடை மாறுகிறது. எஞ்சினின் எதிர்வினை பாடியை மறுபக்கம் முறுக்குவதால் பின் ஸ்பிரிங்குகள் இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். முன் ஸ்பிரிங்குகள் தாங்கும் பங்கு மட்டும் மிஞ்சும். அந்த மிச்சமே போதும். 1960-களின் குறுகிய பயாஸ்-ப்ளை டயரில், ஓப்பன் டிஃபரன்ஷியல் உள்ள வி8 கார் வேகமாகக் கிளம்பினால் சாலையில் ஒற்றைக் கறுப்புக் கோடுதான் விழும். பெரும்பாலும் அது வலது பக்கக் கோடு.

உள்ளே இருக்கும் வகைகள்

முதல் வகை, ஸ்பிரிங் அழுத்தும் கிளட்ச் தகடுகள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த ஈட்டன் பாசிட்ராக்‌ஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு சைடு கியர்களின் (ஆக்சில் தண்டுகளைச் சுழற்றும் கியர்களின்) முதுகுப் பக்கத்திலும் தகடு அடுக்கு ஒன்று இருக்கும். ஒரு தகடு சைடு கியரின் ஸ்ப்ளைனில் கோர்த்து ஆக்சிலோடு சுற்றும். அடுத்தது தன் காதுகளால் கேஸில் மாட்டிக்கொண்டு கேஸோடு சுற்றும். இப்படி மாறி மாறி. சைடு கியர்களுக்கு நடுவே நான்கு காயில் ஸ்பிரிங்குகளும் இரண்டு தகடுகளும் கொண்ட ஒரு கட்டு, இரண்டு பக்க அடுக்குகளையும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த ஆரம்ப அழுத்தத்துக்கு 'ப்ரீலோட்' என்று பெயர். இதோடு இன்னொன்றும் சேரும்: பெவல் கியர்கள் பலத்தை ஏற்கும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இயல்புடையவை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அந்த அளவுக்குச் சைடு கியர் தகடுகளை நசுக்கும். ப்ரீலோட் நிலையானது, இந்தத் தள்ளுவிசை மாறுவது. சாலையில் பெரிய வேலையைச் செய்வது இரண்டாவதுதான். ஆனால் ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் நின்றால் கியர்களில் சுமையே ஏறாது; அப்போது கைகொடுப்பது ப்ரீலோட் மட்டுமே. அந்த நேரத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால், சும்மா சுழலும் சக்கரத்துக்கு ஒரு சுமை கிடைத்து, மறு சக்கரத்துக்கும் டார்க் போய்ச் சேரும்.

டானாவின் பவர்-லாக் இதைவிடச் சாமர்த்தியமான அமைப்பு. இதில் சைடு கியர்களோடு பொருந்தும் நான்கு சின்ன பினியன்கள். அவற்றைத் தாங்குவது ஒன்றன் குறுக்கே ஒன்றாக, தனித்தனியாக அசையக்கூடிய இரண்டு குறுக்குத் தண்டுகள். தண்டுகளின் முனைகள் சரிவாகச் சீவப்பட்டு, கேஸில் வெட்டப்பட்ட 'வி' வடிவச் சரிவுகளில் உட்கார்ந்திருக்கும். டார்க் ஏறும்போது கேஸ் தண்டுகளைத் தள்ள, தண்டுகள் சரிவில் ஏறி ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் விலகும். அந்த விலகல் கிளட்ச் அடுக்குகளை நசுக்கும். ப்ரீலோடுக்குக் காயில் ஸ்பிரிங் கட்டு தேவையில்லை. சுமை ஏற ஏறப் பிடி இறுகும். சும்மா வளைவில் உருளும்போது தளர்ந்துவிடும். ஹெமி எஞ்சினும் நான்கு கியர் மேனுவல் பெட்டியும் சேர்ந்த கார்களுக்குக் கிறைஸ்லர் கொடுத்த, 9¾ அங்குலக் கிரவுன் வீல் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) கொண்ட டானா 60 ஆக்சிலில் இதைப் பார்க்கலாம். ஜாகுவார் இ-டைப்பிலும் வந்தது இதுவே. பழைய வகைகளில் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கத் தகுந்தது எது என்று கேட்டால் தயக்கமின்றி இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, கோன் வகை. தகடுகளுக்குப் பதில் சைடு கியரோடு சேர்ந்த கூம்பு ஒன்று, கேஸுக்குள் கடைந்த கூம்புக் குழியில் போய் உட்காரும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு டம்ளர்கள் இறுகிக்கொள்வதைப் போல அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும். நடுவே பல காயில் ஸ்பிரிங்குகள் கூம்புகளை வெளியே தள்ளும். கூம்பின் மேல் சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். எண்ணெயை வெளியேற்றி உலோகம் உலோகத்தைப் பிடிக்க அதுதான் வழி. செய்ய மலிவு, புதிதாக இருக்கும்போது பிடியும் நன்று. சிக்கல் தேய்மானத்தில். தேயத் தேயக் கூம்பு குழிக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போய், ஒரு நாள் அதன் முனை கேஸின் அடியில் முட்டிவிடும். அதற்குப் பிறகு ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் சரிவுப் பக்கத்தில் அழுத்தம் விழாது. வெளியில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கார் மட்டும் ஓப்பன் டிஃபரன்ஷியல் போல ஓடும். கூம்பின் முனையை லேத்தில் கொஞ்சம் சீவிவிட்டால் மறுபடி இறங்க இடம் கிடைத்துப் பிடி திரும்பும். இதைச் செய்து தரும் பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. கூம்பும் குழியும் கோடு விழாமல் வழவழப்பாக இருந்தால் மட்டுமே இதற்குச் செலவழிக்கலாம். ஆழமாகக் கீறல் விழுந்திருந்தால் வீண்.

டெட்ராய்ட் லாக்கரை லிமிடெட் ஸ்லிப் என்று சொல்வதே தவறு. அதில் உராய்வுக்கு வேலையில்லை. பல்லும் பல்லும் கோர்த்துக்கொண்டு இரண்டு ஆக்சிலையும் பூட்டிவைக்கும். வளைவில் வேகமாகச் சுற்ற வேண்டிய வெளிச் சக்கரத்தை மட்டும் பல்லை விலக்கி விடுவித்து, நேரானதும் 'டங்' என்று மறுபடி கோர்க்கும். 1969, 1970 ஆண்டுகளில் ஃபோர்டின் 'டிராக் பேக்' என்ற பந்தய ஆப்ஷன் தொகுப்பு வாங்கியவர்கள் 3.91 விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்றப் பினியன் சுற்றும் எண்ணிக்கை) கேட்டால் ட்ராக்‌ஷன்-லாக், 4.30 கேட்டால் டெட்ராய்ட் லாக்கர் என்று கிடைத்தது. கால் மைல் பந்தயத்துக்கு அருமையான பொருள். மழையில் ஊருக்குள் ஓட்டுவதற்கு அல்ல.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆப்ஷன் குறியீடு ஜி80 விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 1960-களின் காரில் ஜி80 என்றால் பாசிட்ராக்‌ஷன். 1973-லிருந்து பிக்-அப்களில் அதே ஜி80, ஈட்டனின் கவர்னர் லாக். அது உராய்வை நம்பும் அமைப்பல்ல: இரண்டு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் சுழலும் எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டி, டிஃபரன்ஷியலை முழுதாகப் பூட்டிவிடும், மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. மஹிந்திரா தார் வண்டியில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு, அதையும் ஈட்டன்தான் தருகிறது. ஒரு சக்கரம் வெறியாகச் சுழலும்போது கவர்னர் லாக் பூட்டிக்கொண்டால் கேஸே உடையலாம். அதனால் பிக்-அப் ஆக்சில் ஒன்றை 'பாசி' (பாசிட்ராக்‌ஷன்) என்று சொல்லி விற்றால் வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது

இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் அதே திசையில் வந்தால் லிமிடெட் ஸ்லிப், எதிர்த்திசையில் போனால் ஓப்பன் என்பது எல்லோரும் சொல்வது. இதில் இரண்டு பக்கமும் ஏமாறலாம். தேய்ந்த பாசிட்ராக்‌ஷன் எதிர்த்திசையில் சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் தளர்வாகச் சுற்றினால் ஓப்பன் டிஃபரன்ஷியலிலும் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் போகும். எஞ்சினை அணைத்தபடி கியரிலோ 'பார்க்'கிலோ போட்டு ஷாஃப்டைப் பிடித்துவைத்துச் சுற்றிப் பாருங்கள். ஓப்பன் என்றால் மறு சக்கரம் இலகுவாக எதிர்ப்பக்கம் ஓடும். நல்ல கிளட்ச் இருந்தால் கையால் அசைப்பதே கஷ்டம்.

எண்களும் உதவும். ஃபோர்டு ஆக்சிலின் தகட்டில் விகிதத்தின் நடுவே 'எல்' எழுத்து இருந்தால், உதாரணமாக 3 எல் 50, அது 3.50 விகிதத்தில் லிமிடெட் ஸ்லிப். செவ்ரோலே 12-போல்ட் (மூடியில் 12 போல்ட் உள்ள) ஆக்சிலில் வலப்பக்கக் குழாயின் முன்பக்கத்தில் குறியீடு அடித்திருக்கும். துரு தேய்த்து, சாக்பீஸ் தடவினால் எழுத்து தெளியும். கிறைஸ்லர் 8¾-ல் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம், 741, 742 அல்லது 489, பினியன் தண்டு எவ்வளவு தடிமன் என்பதை மட்டுமே சொல்லும். ஷூர்-கிரிப் இருக்கிறதா என்று சொல்லாது. 489-ஐப் பார்த்ததும் ஷூர்-கிரிப் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் நிறைய. ஆக்சில் தண்டை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது கேஸின் ஜன்னல் வழியே பாருங்கள்: காயில் ஸ்பிரிங் தெரிந்தால் கோன் வகை, ஸ்பிரிங் இல்லாமல் குறுக்குத் தண்டுகள் தெரிந்தால் பவர்-லாக். கிறைஸ்லருக்கு இந்த ஒரே பார்வை போதும். செவ்ரோலேயில் ஸ்பிரிங் தெரிவது மட்டும் போதாது, ஏனென்றால் ஈட்டன் தகடு வகையிலும் ஸ்பிரிங் கட்டு உண்டு. சைடு கியரின் பின்னால் தகடுகளின் காதுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் கழற்றாமல் அறிய ஒரு அளவு உண்டு. ஒரு சக்கரம் தரையில், மற்றது தூக்கிய நிலையில், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்தது. தூக்கிய ஆக்சிலின் மையத்தில் டார்க் ரென்ச்சைப் பொருத்தி மெதுவாகத் திருப்பி, நழுவத் தொடங்கும் இடத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச அளவு அந்தந்த ஆக்சிலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண்ணோடு அதன் சீரையும் கவனியுங்கள். ஒரு முழுச்சுற்றில் முள் நிலையாக நின்றால் தகடுகள் ஒழுங்காக இருக்கின்றன. ஏறி இறங்கித் துள்ளினால் தகடு வளைந்தோ கருகியோ இருக்கிறது.

எண்ணெய்: பாதிப் புகார்கள் இங்கேதான்

வண்டி மெதுவாக முழு வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து 'கட கட கட' என்று நடுக்கம் வருகிறது. 'டிஃபரன்ஷியல் போய்விட்டது' என்று கழற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் போனது எண்ணெய்.

கிளட்ச் தகடுகள் நின்ற நிலையில் பிடிக்கும் உராய்வு, நழுவும்போது உள்ள உராய்வைவிட அதிகமாக இருந்தால், அவை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து ஓடும். அந்தத் தொடர் பிடி-விடுதான் நடுக்கம். ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் நிற்கும் உராய்வைக் குறைத்து நழுவும் உராய்வுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தகடுகளை வழவழவென்று நழுவவிடும். சாதாரண ஜி.எல்-5 (கடும் சுமைக்கான தர வகை) கியர் எண்ணெயில் இது கிடையாது. கார் தயாரிப்பாளர்கள் தரும் புட்டி 4 அவுன்ஸ், சுமார் 118 மி.லி. ஒரு ஆக்சிலுக்கு ஒன்று என்பது கணக்கு. இப்போது விற்கும் சில கியர் எண்ணெய்களில் இதை ஏற்கனவே கலந்திருக்கிறார்கள்; புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். கலந்ததன் மேல் இன்னொரு முழுப் புட்டி ஊற்றினால் நடுக்கமும் நிற்கும், பிடியும் போகும். கூடுதலாக ஊற்றுவது நல்லது என்ற எண்ணம் இங்கே எடுபடாது. கலக்காத எண்ணெயில் முதலில் பாதிப் புட்டி ஊற்றி ஓட்டிப் பார்த்து, நடுக்கம் மிச்சமிருந்தால் மட்டும் மீதியை ஊற்றுவது சரியான முறை.

80டபிள்யூ-90 ஜி.எல்-5 பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். செவ்ரோலே 12-போல்டுக்கு ஏறக்குறைய 1.9 லிட்டர், கிறைஸ்லர் 8¾-க்கு 2.1, ஃபோர்டு 9 அங்குலத்துக்கு 2.4 பிடிக்கும். லிட்டர் கணக்கைவிட, சமதளத்தில் வண்டி நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்பதே அளவு. சேர்மானத்தை முதலில் ஊற்றுங்கள்; எண்ணெயை நிரப்பிய பிறகு ஊற்றினால் துளை வழியே வெளியே வழிந்துவிடும். ஃபோர்டு 9 அங்குலத்தில் பினியன் மையத்துக்கு மிகவும் கீழே, 2¼ அங்குலம் இறக்கி வைத்திருப்பதால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அதிகமாகச் சறுக்கும், சூடும் அதிகம். அங்கே எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எண்ணெய் மாற்றியதும் காலியான இடத்தில் இடப்புறம் ஐந்தாறு, வலப்புறம் ஐந்தாறு இறுக்கமான வட்டம் மெதுவாக அடியுங்கள். புது எண்ணெய் தகடுகளுக்கு இடையே புக அதுதான் வழி. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் ஓட்டி நடுக்கம் தீரவில்லை என்றால் அப்போது கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

தகடுகளை அமைதியாகக் கொல்லும் இன்னொன்று டயர். பின்னால் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். 66 செ.மீ. விட்டமுள்ள டயர் 100 கிலோமீட்டரில் சுமார் 48,000 முறை சுற்றும். ஒரு பக்கம் 1 சதவீதம் சிறியதாக இருந்தாலே 480 சுற்று வித்தியாசம். நேர்ச்சாலையிலும் தகடுகள் ஓய்வின்றி நழுவிக்கொண்டே போகும். ஒரு பக்கம் மட்டும் பஞ்சராகிப் புது டயர் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது இது.

பிரித்துச் சேர்க்கும்போது

செவ்ரோலே 12-போல்ட் ஈட்டனை வைத்துச் சொல்கிறோம். மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்ததும், எதையும் தளர்த்துவதற்கு முன் டயல் கேஜ் வைத்துக் கிரவுன் வீல் பேக்லாஷை (பற்களுக்கிடையே உள்ள ஆட்டத்தை) அளந்து எழுதிவையுங்கள். கேரியரை (கியர்கள் உள்ள கேஸை) வெளியே எடுத்து மறுபடி வைக்கும்போது திரும்பி வர வேண்டிய எண் அது. பேரிங் கேப்களில் இடது, வலது, மேல் பக்கம் என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் பேரிங் கெடும். இரு பக்க ஷிம்களையும் (இடைவெளி நிரப்பும் மெல்லிய துண்டுகளையும்) பக்கம் மாறாமல் தனித்தனியாகக் கட்டிவையுங்கள்.

குறுக்குத் தண்டைப் பிடிக்கும் பூட்டு போல்ட் பல வண்டிகளில் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கும், அல்லது கழற்றும்போது முறியும். சரியான அளவு ஸ்பானர், பொறுமை. புது போல்ட் ஒன்று கையிருப்பில். தண்டை உருவியதும் ஆக்சிலை உள்ளே தள்ளி 'சி' கிளிப்பை எடுக்க வேண்டும். தண்டு இல்லாத நேரத்தில் சக்கரத்தைச் சுற்றக் கூடாது; சின்ன பினியன்கள் நகர்ந்து ஜன்னல் வழியே விழுந்துவிடும். நடுவில் உள்ள ஸ்பிரிங் கட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே வெளியே எடுங்கள். முகத்துக்கு நேராக வைத்து நெம்பாதீர்கள், ஸ்பிரிங் பறக்கும் வேகம் பல்லை உடைக்கும்.

தகடு அடுக்கின் வரிசையை ஃபோட்டோ எடுத்துவையுங்கள். புதுத் தகடுகளைச் சேர்மானம் கலந்த எண்ணெயில் அரை மணி நேரமாவது ஊறவைத்துத்தான் பூட்ட வேண்டும். காய்ந்த தகடுகள் முதல் வளைவிலேயே கருகும். அடுக்கின் பின்னால் வரும் ஷிம்மை ஒவ்வொரு பக்கமாக, மறுபக்கம் இல்லாமல் பொருத்திப் பாருங்கள். சைடு கியருக்கும் பினியனுக்கும் விரலில் உணரும்படி மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் பற்கள் சூடேறித் தின்னப்படும். அதிகமாக இருந்தால் கியர் போடும்போதெல்லாம் 'டக்' என்று கேட்கும். கேஸின் ஜன்னல் மூலைகளை நன்றாகத் துடைத்துவிட்டு விரிசல் தேடுங்கள். பந்தயத்தில் அடிபட்ட பழைய ஈட்டன் கேஸ்கள் விரிவது அங்கேதான். விரிசல் கண்டால் தகடுகளுக்குச் செலவழிக்காதீர்கள்.

ஸ்பிரிங் 200, 400, 800 பவுண்டு என்று விற்கிறார்கள். சாலைக்கு 400 போதும். 800 போட்டால் பிடி அதிகம் என்று தோன்றும்; கூடவே ஒவ்வொரு வளைவிலும் மூக்கு வெளியே தள்ளும், நடுக்கமும் ஓயாது.

கேரியர் மட்டும் தனியாக வாங்குவோருக்கு: 12-போல்டில் 2.73-க்கும் அதற்குக் கீழுள்ள விகிதங்களுக்கும் ஒன்று, 3.07 முதல் 3.73 வரை ஒன்று, 4.10-க்கும் அதற்கு மேலும் ஒன்று என்று கேரியரின் ஃபிளாஞ்ச் (கிரவுன் வீல் அமரும் விளிம்பு) இடம் மாறும். 3.31 காரிலிருந்து கழற்றிய பாசியில் 4.10 கிரவுன் வீலை நேராகப் பூட்ட முடியாது. அதற்கென்றே தடிமனாகச் செய்த கிரவுன் வீல் வேண்டும். கிறைஸ்லர் 8¾-ல் கிரவுன் வீல் போல்ட்டுகள் இடப்புரி. தெரியாமல் வழக்கமான திசையில் தளர்த்தப் பார்ப்பவர் உண்மையில் இறுக்கிக்கொண்டிருப்பார். கடைசியில் தலை முறியும்.

ஓட்டும்போதும் ஜாக்கி போடும்போதும்

லிமிடெட் ஸ்லிப் உள்ள காரில் ஒரே ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் பலம் போகும், கார் ஜாக்கியிலிருந்து குதித்து ஓடும். வீல் பேலன்ஸைக் காரிலேயே சுழற்றிப் பார்ப்பவர்கள் இரண்டு சக்கரங்களையும் தூக்க வேண்டும்.

ஈரமான, நடுவில் மேடான சாலையில் ஓப்பன் டிஃபரன்ஷியல் கார் ஒரு சக்கரத்தை மட்டும் சுழற்றும். மறு சக்கரம் சும்மா உருண்டு காரின் வாலை நேராகப் பிடித்துவைக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து சுழன்றால் பக்கவாட்டுப் பிடி இரண்டிலும் போய், வால் சரிவுப் பக்கம் வழுக்கும். நகரத் தொடங்குவதற்கு இது தரும் உதவி பெரிது; ஆனால் வால் இப்படி வழுக்கும் என்பதால்தான் வழுக்கும் சாலையில் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்கிறோம்.

தேய்ந்த கோன் வகையை மாற்ற வேண்டிய நிலை வந்தால், தினசரி சாலையில் ஓடும் காருக்கு ஹெலிக்கல் கியர் வகையை, ட்ரூட்ராக் போன்றதை, பரிந்துரைப்போம். தேயத் தகடே இல்லை, நடுக்கமும் இல்லை. வழுக்கும் சக்கரம் பிடிக்கும் டார்க்கைப் பெருக்கி மறு சக்கரத்துக்குத் தருவதே அதன் வேலை; ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் நின்றால் பெருக்க எதுவும் இல்லாமல் அது கைவிடும், எனவே மேடுபள்ளத்தில் ஓடும் ஜீப்புக்கு அது ஏற்றதல்ல. அதில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் ஊற்றக் கூடாது. செயல்பாடே கியர்களுக்கிடையிலான உராய்வில் இருப்பதால் தயாரிப்பாளர் கேட்பது சேர்மானம் இல்லாத சாதாரண மினரல் ஜி.எல்-5 மட்டும். பழைய பழக்கத்தில் 4 அவுன்ஸ் புட்டியைக் கவிழ்த்துவிட்டால், வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.